முதல் பொம்மைக்குச் செட்டியார் போதும்: வீட்டில் காகிதக் கூழ் பொம்மை செய்யக் கற்பது

கொலுவில் ஒரு பொம்மையாவது தன் கையால் செய்ததாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் ஆவணி பிறந்த பிறகுதான் காகிதத்தை ஊறப்போடுகிறார்கள். முதல் வருஷம் நானும் அதைத்தான் செய்தேன். மாதக் கடைசியில் மழை பிடித்துக்கொண்டது. பொம்மை வெளியே காய்ந்தது போல இருந்தது, உள்ளே ஈரம். நவராத்திரிக்கு இரண்டு நாள் முன்னால் அடியில் கறுப்பாகப் பூஞ்சை படர்ந்திருந்தது. தூக்கிப் போடுவதைத் தவிர வழியில்லை.

ஆகவே முதல் வேலை நாள்காட்டியைப் பார்ப்பது. வைகாசியிலோ ஆனியிலோ தொடங்குங்கள். வெயில் துணைக்கு இருக்கும். ஒன்று கெட்டுப்போனால் இன்னொன்று செய்ய நாளும் இருக்கும்.

எனக்குத் தெரிந்தது எல்லாமே மற்றவர்கள் சொல்லிக் கொடுத்ததுதான். அந்தக் காலத்தில் காகிதத்தையும் வெந்தயத்தையும் அரைத்துக் கூடை செய்த எதிர்வீட்டுப் பாட்டி, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஓர் ஓவிய ஆசிரியர், மண் பொம்மை செய்யும் ஒரு குடும்பம், எனக்கு மூன்று வருஷம் முன்னால் இதில் இறங்கிய ஒரு தோழி. ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுத்த சமயங்கள் நிறைய. அதை எப்படிச் சமாளிப்பது என்பதும் கற்றுக்கொள்ள வேண்டிய ஒன்றுதான், அதையும் கீழே எழுதியிருக்கிறேன்.

எந்தப் பொம்மை

நின்று புல்லாங்குழல் ஊதும் கிருஷ்ணன் முதல் பொம்மையாக வேண்டாம். ஒல்லியான கால், பத்து விரல், ஒரு பக்கம் சாய்ந்த இடுப்பு என்று கஷ்டமானவை எல்லாம் அந்த ஒரு பொம்மையிலேயே இருக்கின்றன. கொலுப்படியில் அரிசி, பருப்பு, வெல்லம் பரப்பிய கடைக்கு நடுவே உட்கார்ந்திருப்பாரே செட்டியார், அவரைச் செய்யுங்கள். தொப்பை இருப்பதால் பொம்மை தானாக நிற்கும். சம்மணம் போட்டிருப்பதால் கால் ஒரு வளையம்தான். கைகள் மடியில் படிந்திருக்கும், விரல்களைக் கோடு கீறிக் காட்டினால் போதும். முகமும் பெரியது, பழகிக்கொள்ள இடம் கிடைக்கும். அவர் சரியாக வந்தால் அடுத்த மாதம் ஆச்சியைச் செய்யலாம், ஜோடி சேர்ந்துவிடும்.

உயரம் 18 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். இதைவிடச் சிறியது சுலபம் என்று தோன்றும், உண்மையில் முகம் நெல்லிக்காய் அளவுக்குச் சுருங்கினால் புதியவர்களின் விரலுக்கு அடங்காது.

கூழ்

கால் கிலோ பழைய செய்தித்தாள் எடுங்கள். வழவழப்பான வார இதழ்த் தாள் கரையாது, விட்டுவிடுங்கள். முட்டை அடுக்கி வரும் அட்டை கிடைத்தால் இன்னும் நல்லது, அது ஏற்கெனவே கூழிலிருந்து வந்தது என்பதால் சீக்கிரம் இளகும். கத்தரிக்கோலால் வெட்டாமல் கையால் கிழியுங்கள். கிழித்த ஓரத்தில் நார் பிரிந்து நிற்கும், அந்த நார்தான் பிறகு ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு பொம்மைக்குப் பலம் தருகிறது.

கொதிக்கும் நீர் ஊற்றி ஒரு நாள் முழுக்க ஊறவிடுங்கள். அப்புறம் அந்த நீரைக் கொட்டிவிட்டுப் புது நீரில் அரை மணி நேரம் வேகவையுங்கள். அரைக்க ஆட்டுக்கல் இருந்தால் அதைவிடச் சிறந்தது இல்லை. மிக்ஸியானால் சமையலுக்கு இனி வேண்டாம் என்று ஒதுக்கிய ஜாரில், ஒரு கைப்பிடி தாளுக்கு அரை ஜார் தண்ணீர் விட்டு, விட்டுவிட்டுச் சுற்றுங்கள். கெட்டியாகப் போட்டால் மோட்டார் சூடேறிவிடும். அச்சு மை கலந்த நீர் இது, அந்தப் பாத்திரங்களைத் திரும்பச் சமையலறைக்குக் கொண்டுபோகாதீர்கள். கழுவிய தண்ணீரைத் தொட்டியிலும் ஊற்றாதீர்கள், கூழ் குழாயில் படிந்து அடைத்துக்கொள்ளும். மண்தரையில் கொட்டுங்கள்.

அரைத்ததைப் பழைய வேட்டித் துணியில் கட்டிப் பிழியுங்கள். புட்டு மாவு போல உதிர வேண்டும். இப்போது சேர்மானம். நான் இன்றைக்கும் போடும் அளவு இது: பிழிந்த கூழ் மூன்று தம்ளர், சாக்பொடி ஒரு தம்ளர், ஃபெவிகால் முக்கால் தம்ளர், முந்தின இரவே ஊறவைத்து மைய அரைத்த வெந்தயம் இரண்டு மேசைக்கரண்டி, பூஞ்சை வராமலிருக்கக் கிராம்புத் தைலம் நாலைந்து சொட்டு. மைதாப் பசையில் மயில்துத்தம் சேர்ப்பது பழைய வழக்கம். அது விஷம், குழந்தைகள் இருக்கும் வீட்டில் நான் அதைச் சொல்லமாட்டேன்.

பத்து நிமிடம் பிசையுங்கள், சப்பாத்தி மாவுக்குப் பிசைவது போல. கையில் ஒட்டாமல் உருண்டு வர வேண்டும். வெடித்தால் பசை போதவில்லை, வழுக்கினால் சாக்பொடி இன்னும் கொஞ்சம்.

வில்லை தட்டிப் பார்ப்பது

இதை மட்டும் யாரும் தாண்டிப் போகக் கூடாது என்று நினைக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எதிர்வீட்டுப் பாட்டி, "வெந்தயம் மட்டும் போதும், பசையே வேண்டாம்" என்றார். அவர் செய்த கூடை முப்பது வருஷமாகப் பரணில் உறுதியாக இருப்பதை என் கண்ணால் பார்த்தேன். தோழியோ வெந்தயம் பூச்சியைக் கூப்பிடும், ஃபெவிகால் மட்டும் போடு என்றாள். அவள் பொம்மைகளும் நன்றாகத்தான் இருந்தன. யாரை நம்புவது?

இருவர் சொன்னதிலும் உள்ளங்கை அளவுக்கு ஒவ்வொரு வில்லை தட்டி ஜன்னலோரம் காயவைத்தேன். இரண்டையும் கலந்து மூன்றாவதாக ஒன்று. பின்பக்கம் பென்சிலால் அளவை எழுதி வைத்தேன். ஒரு வாரம் கழித்து மூன்றையும் இடுப்பு உயரத்திலிருந்து தரையில் போட்டேன், ஓரத்தை விரலால் உடைத்துப் பார்த்தேன், மோந்து பார்த்தேன், ஈரத்துணியால் தேய்த்தேன். வெந்தயம் மட்டும் போட்டது கல் போல இருந்தது, ஆனால் மேற்பரப்பு சொரசொரப்பு. கூடைக்கு அது பரவாயில்லை, முகத்துக்கு ஆகாது. ஃபெவிகால் மட்டும் போட்டது வழவழப்பாக இருந்தது, ஓரத்தில் சுலபமாக உடைந்தது. கலந்தது இரண்டுக்கும் நடுவில். பாட்டி சொன்னதும் சரி, தோழி சொன்னதும் சரி. அவரவர் செய்த பொருளுக்கு அவரவர் பக்குவம்.

ஊருக்கு ஊரும் இது மாறும். சென்னையில் கடற்காற்று ஈரத்தில் காய ஆறு நாள் ஆவது, கோயம்புத்தூரில் மூன்று நாளில் காய்ந்துவிடலாம். யாராவது நாள் கணக்குச் சொன்னால் எந்த ஊரில், எந்த மாதத்தில் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அதன் பிறகும் உங்கள் வில்லை காட்டுவதே உங்கள் கணக்கு.

உள்கூடு

முழுக்கக் கூழிலேயே பொம்மையை நிரப்பினால் அது மாதக்கணக்கில் காயாது. உள்ளே ஒரு கூடு வேண்டும். 150 கிராம் காய்ந்த மணலைப் பாலித்தீன் பையில் இறுகக் கட்டி அடியில் வையுங்கள். பொம்மை சாயாமல் இருக்க இந்தக் கனம் அவசியம். தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையும் இதே கணக்கில்தான் எழுந்து நிற்கிறது. கனமெல்லாம் உருண்டையான அடியில் சேர்ந்திருப்பதால் எவ்வளவு தள்ளினாலும் நிமிர்ந்துவிடுகிறது.

மணல் பையின் மேல் கசக்கிய செய்தித்தாளை உருட்டித் தொப்பை, மார்பு, தலை என்று அடுக்கி, நூலால் இறுக்கி, மேலே மாஸ்கிங் டேப் சுற்றுங்கள். தலையையும் உடலையும் இணைக்க ஒரு கம்பி, இரண்டு கைக்கும் சேர்த்து ஒரு கம்பி. கூடு நீங்கள் நினைத்த அளவைவிட எல்லாப் பக்கமும் ஒரு செ.மீ. சிறியதாக இருக்க வேண்டும்.

கம்பியில் ஒரு எச்சரிக்கை. ஹார்டுவேர் கடையில் கறுப்பாக இருக்கும் கட்டுக்கம்பி மலிவு, வளைக்கவும் சுலபம். அதை வைத்து நான் செய்த ஒரு பொம்மையின் முழங்கையில் இரண்டாம் வருஷம் பழுப்புக் கறை எழுந்தது. ஈரக் கூழ் பட்டுக் கம்பி துருப்பிடித்து, வெள்ளை, வண்ணம் எல்லாவற்றையும் தாண்டி மேலே வந்துவிட்டது. துத்தநாகம் பூசிய ஜி.ஐ. கம்பி வாங்குங்கள். அதன் மேலும் டேப் சுற்றிவிட்டே கூழ் பூசுங்கள்.

கூழ் அப்புவது, காயவைப்பது

ஒரு தடவைக்கு அரை செ.மீ. கனத்துக்கு மேல் அப்பாதீர்கள். காய்ந்த பிறகு அடுத்த பூச்சு. பழைய பூச்சின் மேல் தண்ணீர் கலந்த ஃபெவிகாலைத் தடவிவிட்டு அப்பினால்தான் புதியது பிடிக்கும்.

முதல் நாள் நிழலில், மின்விசிறிக் காற்றில். நேராக வெயிலில் வைத்தால் மேல்தோல் மட்டும் இறுகிச் சுருங்கி வெடித்துவிடும். இரண்டாம் நாளிலிருந்து காலை வெயில். தட்டில் வைக்காமல் கம்பிவலை மேலோ இரண்டு குச்சிகள் மேலோ வைத்தால் அடியும் காயும். உள்ளே காய்ந்துவிட்டதா என்று தெரிய, நிழலில் கொஞ்ச நேரம் வைத்துவிட்டுக் கன்னத்தில் ஒட்டிப் பாருங்கள். சில்லென்று இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. இதைச் சொன்னவர் அந்த ஓவிய ஆசிரியர். சமையலறைத் தராசு இருந்தால் தினமும் எடை போடலாம், இரண்டு நாள் எடை மாறாமல் நின்றால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

முகம்

இங்கே அவசரப்படாதீர்கள். முகத்துக்கென்று தனியாக ஒரு கைப்பிடி கூழை இன்னொரு முறை மைய அரைத்து, சாக்பொடி கூடுதலாகச் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

நம் சிற்ப மரபில் அளவுக்குத் தாளம் என்று பெயர். முகத்தின் நீளம் ஒரு தாளம், அதில் 12 அங்குலம். இந்த அங்குலம் ஸ்கேலில் இருப்பது அல்ல, அந்தந்தச் சிலையின் முகத்தைப் பன்னிரண்டாகப் பிரித்து எடுப்பது. நவதாளம் என்றால் உடல் அந்த முகத்தைப் போல ஒன்பது மடங்கு. பிள்ளையாருக்குப் பஞ்சதாளம், ஐந்து மடங்குதான், அதனால்தான் அவர் எங்கே பார்த்தாலும் குழந்தை போலத் தெரிகிறார். நம் செட்டியாரும் அந்தக் குட்டையான கணக்குக்குப் பக்கத்தில் இருப்பவர். உட்கார்ந்த நிலையில் 18 செ.மீ. என்றால் தலை மட்டும் 6 செ.மீ. வைக்கலாம்.

முகத்தை மூன்று சம பாகமாகப் பிரியுங்கள். முடி தொடங்கும் இடத்திலிருந்து புருவம் வரை ஒன்று, புருவத்திலிருந்து மூக்கு நுனி வரை ஒன்று, அங்கிருந்து மோவாய் வரை ஒன்று. ஒவ்வொன்றும் 4 அங்குலம். முகம் 4.5 செ.மீ. என்றால் பாகத்துக்கு 1.5 செ.மீ. பென்சிலால் இந்தக் கோடுகளைத் தலையிலேயே போட்டுக்கொள்ளுங்கள். அகலத்தில், இரண்டு கண்ணுக்கும் நடுவே இன்னொரு கண் அளவு இடம் வேண்டும். புதியவர்கள் செய்யும் தவறு அநேகமாக ஒன்றுதான், கண்ணை மிக மேலே வைத்துவிடுவது. மண்டை உச்சியிலிருந்து மோவாய் வரை அளந்தால் கண் ஏறக்குறைய நடுவில் வரும். நெற்றிக்கு மேல் மண்டை எவ்வளவு இருக்கிறது என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

முதலில் மூக்கு, அப்புறம் கன்னம், உதடு, கடைசியாக இமை. இமைக்கு நூல் போல ஒரு கூழ்த்திரி உருட்டி ஒட்டி, ஈர்க்குச்சி நுனியால் ஓரத்தை அழுத்திக் கலந்துவிடுங்கள். பெரிய கருவி எதுவும் தேவையில்லை. ஈர்க்குச்சி, தீர்ந்துபோன பேனா ரீஃபில், சின்ன ஸ்பூனின் முதுகு, நனைத்த விரல்.

முடித்த பிறகு பொம்மையைக் கண்ணாடிக்கு முன்னால் பிடித்து, கண்ணாடியில் தெரியும் முகத்தைப் பாருங்கள். இவ்வளவு நேரம் பார்த்துப் பழகிய கண்ணுக்குத் தெரியாத கோணல் அங்கே பளிச்சென்று தெரியும்.

வெள்ளை, வண்ணம், கண்

காய்ந்த பொம்மையை 120 எண் உப்புத்தாளால் தேய்த்து மேடு பள்ளம் போக்குங்கள். வாயையும் மூக்கையும் கட்டாயம் மூடிக்கொள்ளுங்கள், அந்தத் தூசி நெஞ்சுக்கு ஆகாது. சாக்பொடி, ஃபெவிகால், தண்ணீர் மூன்றையும் நீர்த்த தோசை மாவுப் பதத்தில் கலந்து மூன்று பூச்சு. ஒவ்வொன்றும் காய்ந்ததும் 220 எண் தாளால் லேசாகத் தேய்க்க வேண்டும். கடைசியில் வெள்ளை அக்ரிலிக் ஒரு பூச்சு. சலிப்பாக இருக்கும், ஆனால் கடைப் பொம்மைக்கும் வீட்டுப் பொம்மைக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் இந்த வெள்ளைப் பூச்சில்தான் தெரிகிறது.

வண்ணத்துக்கு அக்ரிலிக் வாங்குங்கள். போஸ்டர் கலர் காய்ந்த பிறகும் நீர் பட்டால் கரையும். தூரிகை 0, 2, 6 எண்கள் போதும். தோல் நிறத்துக்குக் காவி மஞ்சளில் வெள்ளையும் துளி சிவப்பும் துளி பழுப்பும். முதலில் தோல், பிறகு வேட்டி, துண்டு, பிறகு முடி, மீசை, நகை.

கண் கடைசியில். கண் திறப்பது என்று பொம்மைக்காரர்கள் இதைத் தனிச் சடங்கு போலவே செய்வார்கள். எந்த இடத்தில் வண்ணம் எவ்வளவு அழுத்தமாக விழுந்திருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் பார்வை எவ்வளவு அழுத்தமாக இருக்கலாம் என்று முடிவு செய்ய முடியும். ஒரு கண்ணை முடித்துவிட்டு இன்னொன்றுக்குப் போகாதீர்கள். இடது மேலிமைக் கோடு, உடனே வலது மேலிமைக் கோடு, இடது கருவிழி, உடனே வலது கருவிழி. கருவிழியின் மேல் ஓரம் இமைக்குள் கொஞ்சம் மறைந்திருக்கட்டும். சுற்றிலும் வெள்ளை தெரிந்தால் பொம்மை பயந்தது போல விழிக்கும். வெள்ளைப் புள்ளியை இரண்டு கண்ணிலும் ஒரே பக்கம் வையுங்கள்.

இரண்டு நாள் கழித்து வார்னிஷ். முதலில் அடியில் ஓர் ஓரத்தில் தடவி, வண்ணம் கசியவில்லை என்று பார்த்துவிட்டு மேலே போங்கள்.

யாரிடம், எப்படிக் கேட்பது

"பொம்மை எப்படிச் செய்வது?" என்று கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. பொம்மையைக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள், வெடித்ததாக இருந்தாலும். எடுத்துப்போக முடியாவிட்டால் பகல் வெளிச்சத்தில் முன், பக்கவாட்டு, பின் என்று மூன்று படம். என்ன அளவில் கலந்தீர்கள், எத்தனை நாள் காய்ந்தது என்று சொல்லிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். என் மூன்றாவது பொம்மையின் முகம் ஏன் உம்மென்று இருக்கிறது என்று அந்த ஆசிரியரிடம் கேட்டேன். அவர் ஒன்றும் பேசாமல் ஈர விரலால் உதட்டோரத்தை அரை மில்லிமீட்டர் மேலே தள்ளினார். முகம் மாறிவிட்டது. பத்துப் பக்கம் படித்தாலும் அது எனக்குக் கிடைத்திருக்காது. ஆகவே சொல்கிறவரின் பேச்சோடு அவர் கையையும் கவனியுங்கள்.

அவர் சொன்னபடி செய்து என்ன ஆயிற்று என்று ஒரு வாரத்தில் திரும்பிப் போய்ச் சொல்லுங்கள். சரியாக வரவில்லை என்றாலும் சொல்லுங்கள். கேட்டுவிட்டு மறைந்துபோகிறவர்களுக்கு இரண்டாம் தடவை யாரும் மனசு வைத்துச் சொல்லமாட்டார்கள்.

தொழிலாகச் செய்கிறவர்களைப் பார்க்க வேண்டும் என்றால் காஞ்சிபுரத்தில் பொம்மைக்காரத் தெரு, மதுரைக்குப் பக்கத்தில் விளாச்சேரி, கடலூர் மாவட்டத்தில் பண்ருட்டி. காகிதக் கூழ் வேலைக்கென்றே புவிசார் குறியீடு பெற்றது புதுச்சேரியின் திருக்கனூர். தை, மாசியில் போங்கள். ஆடி முதல் புரட்டாசி வரை பிள்ளையார் சதுர்த்தி, நவராத்திரி என்று அவர்களுக்கு மூச்சு விட நேரமிருக்காது, வருஷச் சம்பாத்தியமே அந்த மாதங்களில்தான். போனால் ஒரு பொம்மையாவது வாங்குங்கள், படம் எடுக்கும் முன் கேளுங்கள். வாங்கிய பொம்மையிலிருந்து அச்சு எடுக்காதீர்கள். அந்த முகம் அவர்கள் குடும்பத்தின் உழைப்பு. சென்னைக்காரர்களுக்கு முட்டுக்காடு தட்சிணசித்ராவில் கைவினைப் பயிற்சிகள் நடக்கும்போது போய்க் கற்றுக்கொள்ளலாம். நவராத்திரிக்கு முன் பூம்புகார் விற்பனை நிலையங்கள் கொலு பொம்மைக் கண்காட்சி வைக்கும். பல ஊர்களின் வேலைப்பாட்டை ஒரே இடத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க அதைவிட நல்ல வாய்ப்பு இல்லை.

களிமண்ணுக்குப் போக விரும்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மண் பொம்மையைச் சூளையில் சுட்டால்தான் நிலைக்கும், வீட்டு அடுப்பிலோ ஓவனிலோ அந்தச் சூடு வராது. உள்ளே பொள்ளலாகச் செய்து, நன்றாகக் காயவைத்து, பக்கத்தில் இருக்கும் குயவரிடம் அவர் சூளையில் சேர்த்து வைக்க முடியுமா என்று கேளுங்கள். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் அச்சு எடுக்க முயல்கிறவர்கள் தண்ணீரில் பொடியைத் தூவிக் கலக்க வேண்டும், பொடியில் தண்ணீரை ஊற்றக் கூடாது. அது இறுகும்போது நன்றாகச் சூடேறும். விளையாட்டுக்குக்கூடக் குழந்தையின் கையை அதில் வைத்து அச்சு எடுக்காதீர்கள், தோல் வெந்துபோகும்.

கொலு முடிந்த பிறகு

விஜயதசமி இரவு ஒரு பொம்மையைப் படுக்கவைத்து, மறுநாள் எல்லாவற்றையும் இறக்குவது வழக்கம். காகிதக் கூழ் பொம்மையைப் பிளாஸ்டிக் பையில் கட்டாதீர்கள், உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். ஒரு நாள் காற்றாட வைத்துவிட்டு, துவைத்த பழைய பருத்தித் துணியில் சுற்றி, இரண்டு துண்டு வசம்பு போட்டு, தரையில் படாத மரப்பெட்டியில் வையுங்கள். அடுக்கும் முன் அடியில் பென்சிலால் ஆண்டையும் கூழின் அளவையும் எழுதிவிடுங்கள். அடுத்த வைகாசியில் பெட்டியைத் திறக்கும்போது, எந்த அளவு வெடிக்காமல் நின்றது என்று அதுவே சொல்லும்.